மூன்று வாளித் தண்ணீர்

விரால் பார்ப்போடு இருந்தால் அந்தக் குளத்தில் யாரும் தூண்டில் போடுவதில்லை. பார்ப்பு என்கிற அந்தக் குஞ்சுகள் செக்கச்செவேலென்று திரளாக மேலே வரும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அவை பிரிந்து போகிறவரை ஊரே கையைக் கட்டிக்கொள்ளும்.

மடை திறந்து அடைக்கிற குழந்தைராஜுக்கு இந்த வருஷம் கண்ணில் பட்டது அந்த ஒரு திரள்தான். கெண்டையும் கெளுத்தியும் போன கோடையிலேயே வயிறு ஊதி மிதந்துவிட்டன. இப்போது இந்தக் குஞ்சுகளும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன.

குளத்துக்கு மூன்று தண்ணீர் வருகிறது. நெல் அவிக்கிற மில்லின் கழிவு, குணசேகரனின் மருந்தடித்த வயல் வடிகால், டவுன் சாக்கடை.

"எது கொல்லுதுன்னு காட்டுங்க. அந்த மடைய அடைச்சிடலாம்" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் ஜெயபாரதி.

குழந்தைராஜ் மூன்றையும் மூன்று வாளியில் பிடித்தான். திரளில் கொஞ்சம் அள்ளி ஒவ்வொன்றிலும் விட்டு, ஊர் பார்க்க மாதா கோயில் வாசலில் வைத்தான். காலையில் விட்ட குஞ்சுகள் சாயங்காலமும் நீந்திக்கொண்டுதான் இருந்தன.

"நம்ம மில்லு தண்ணியில எப்புடித் துள்ளுது பாருங்க!" என்று சிரித்தார் மேனேஜர் ரெமிஜியஸ்.

"என் வயத்தண்ணியில கொழுத்துல்ல போயிருக்கு! வாளியோட குடுத்துடுய்யா, வளத்துக்கறேன்" என்றான் குணசேகரன்.

டவுன் பக்கமிருந்து யாரும் வரவேயில்லை. கூட்டம் கலைந்தது.

வீட்டில் அவன் மனைவி சவரியம்மாள் வாளிக்குக் காத்திருந்தாள். "குடுங்க, குழாயில தண்ணி வருது." விடிந்ததும் குளத்தில் விட்டுவிடலாம் என்று மூன்று வாளித் தண்ணீரையும் குஞ்சுகளோடு ஒரே அண்டாவில் ஊற்றினான்.

விடிந்து பார்த்தால் அத்தனையும் மல்லாந்து கிடந்தன.

"தனித்தனியா தாங்குது சவரி. ஒண்ணா கலந்தா தாங்கல."

"இத இனிமே யாருகிட்ட சொல்லுவீங்க? நல்ல தண்ணின்னு ஊரக் கூட்டிக் காட்டுனதே நீங்கதானே."

இருந்தாலும் போய்ச் சொன்னான். "அண்டாவுல அடைச்சு வச்சா எந்த மீனுய்யா பொழைக்கும்?" என்றார் ஜெயபாரதி. மூன்று மடையும் திறந்தே கிடந்தன.

குளத்தில் அடுத்த வாரம் திரளே இல்லை. தாய் விரால் மட்டும் பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அதன் முதுகில் புண்.

கரையில் தூண்டிலோடு நின்றான் வீரையன். "பார்ப்புதான் இல்லையே மாமா, போடலாமா?"



"போட்டுக்க" என்றான் குழந்தைராஜ்.