பாலம் ஏன் விழவில்லை

1
பெருமை தாங்காமல் எழுதுகிற கதை இது. என் மனைவி சாந்தினியின் பாலத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியும் ஆசை அடங்கவில்லை. தம்போய் ஊரில் கார் ஏர்கான் பழுதுபார்க்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கதையும் எழுதுவேன்.

முதல் தொடக்கம்: 'பெக்கோக் ஆற்று வெள்ளம் ஒரு குழந்தையை அடித்துச் சென்றது. அதைக் கண்ட சிறுமி, சிவில் இஞ்சினியர் ஆவேன் என்று —'

"எந்தக் குழந்தைங்க?" சாந்தினி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "யாரும் சாகல லா. அடிங்க அத."

அடித்துவிட்டேன்.

2
இரண்டாம் தொடக்கம்: 'அப்பாவின் கண்ணீரைத் துடைக்கவே அவள் மாஸ்டர்ஸ் —'

(மாமனார் மணியம் லாரி ஓட்டியவர். அவர் அழுது நான் பார்த்ததில்லை. படிப்பென்றால் கண்ணீர் வேண்டுமென்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!)

3
நடந்தது இதுதான். பெக்கோக் பக்கம் தோட்டத்துச் சாலைக்கு அவள் ஒரு சின்னப் பாலம் வடிவமைத்தாள். அவள் கணக்கை மீறி வெள்ளம் வந்தது. அதே ஆற்றில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பாலங்கள் போயின. அவளுடையது நின்றது. கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். நான் சளைக்காமல் படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் அவள் உம்மென்றிருந்தாள்.

காரில் ஏனென்று கேட்டேன்.

"என் கணக்குப்படி அது போயிருக்கணுங்க. ஏன் நின்னுச்சுன்னு தெரியல. கரை மண்ணுல என்னமோ இருக்கு."

"நின்னுச்சுல்ல? விடு."

"அடுத்த பாலத்தையும் அப்படியே கட்டச் சொல்றாங்க. அது மேல ஸ்கூல் பஸ் போகும்."

'விடு' என்றதை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.*

* தானாகச் சரியாகிவிட்ட ஏர்கான் தானாகவே கெடும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறவன் நான்தான்.

4
அந்த மண்ணைப் படிக்கத்தான் மாஸ்டர்ஸ். உபகாரச் சம்பளம் கிடைத்தால்தான் வேலையை விட முடியும். இன்று அதற்கு நேர்முகம்.

"நாடு, சேவைன்னு சொல்லு," என்றேன். "தெரியலன்னு மட்டும் சொல்லாத. உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்காத."

"அலமாக்! தெரிஞ்சா எதுக்குங்க படிக்கப் போறேன்?"

பாலம் நின்ற அன்றைவிட இப்போதுதான் எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. பயமும்தான்.

5
முடிவு அ: நேர்முகக் குழு எழுந்து கைதட்டி — (சினிமா.)

முடிவு ஆ: 'தன் பாலமே தெரியாத இஞ்சினியரா?' என்று சிரித்து — (இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

அவள் உள்ளே போய்விட்டாள். நான் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முடிவு என்னிடம் இல்லை. குழுவில் ஒரு நாற்காலியை உங்களுக்காகக் காலியாக வைத்திருக்கிறேன், உட்காருங்கள். எதற்காக மேலே படிக்க வேண்டும் என்று கேளுங்கள். தெரியவில்லை, அதனால்தான் என்பாள். அவசரமில்லை. உங்கள் பிள்ளையை அந்த ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து மதிப்பெண் போடுங்கள்.