பச்சை டேப்

அந்த மெஷினுக்குப் பின்னால் போனாலே எனக்குக் குமட்டும். வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலண்ட் தண்ணீர் புளித்துப்போய், அதில் ஊறிக் கிடக்கும் இரும்புச் சீவல், எவனோ மூக்கைச் சிந்தி எறிந்த கழிவுத்துணி, பாதி குடித்த டீக் கப். பன்னிரண்டு வருஷமாக இங்கே எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். மனுஷர்கள் இவ்வளவு அசிங்கம் பிடித்தவர்கள் என்று வேறு எந்த வேலையிலும் தெரிந்திருக்காது.

மூன்று வாரமாக, கம்ப்யூட்டர் சொல்படி இரும்பை வெட்டும் இந்த சிஎன்சி மெஷின் ஓடும்போதே பொசுக்கென்று நின்றுவிடுகிறது. கன்ட்ரோலர் திரையில் ‘எமர்ஜென்சி ஸ்டாப்’ என்று மட்டும் வரும். சிவப்புப் பட்டனை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ரீசெட் செய்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். பட்டனை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். கார்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ம்ஹூம்.

நிற்பது, இதை ஓட்டுகிற என் அக்காவின் ஷிஃப்டில் மட்டும்.

சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் பவுடர். அவ்வளவு அப்பிக்கொண்டு வருவார். “உங்க அக்காதான் வேணும்னே அமுக்கிட்டு ரெஸ்ட் எடுக்குறாங்க” என்று சொல்லி, வேலைநீக்கக் கடிதத்தை அடித்தே வைத்துவிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேனேஜர் கையெழுத்துப் போடுவார். அதுவரை அக்காவை ஸ்டோர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள், போகிற வருகிறவன் எல்லாம் பார்க்கும்படி. த்தூ!

என்னைச் சொல்ல வேண்டாமா? போன வாரம் நானே கேட்டேன். “உண்மையைச் சொல்லுக்கா. அலுப்புல அமுக்கிட்டியா?” அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இன்று காலை அவள் ஓட்டும் வேலையை நானே போட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் முன்பு வந்த நீள இரும்புத் தண்டு, ஷாஃப்ட் ஆர்டர் அது. அளவு பிசகாமல் செய்ய வேறு ஆளில்லை என்று அவளிடமே கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் ஓட்டுவதெல்லாம் துண்டு துக்கடா. நாலாவது தடவை, இரும்பைத் தாங்கி நகரும் டேபிள் இடது கோடிக்குப் போனதும் மெஷின் நின்றது. மறுபடி ஓட்டினேன். அதே கோடியில் நின்றது. துண்டு வேலைக்கு டேபிள் அவ்வளவு தூரம் போவதே இல்லை.

எமர்ஜென்சி பட்டன், கதவு, எண்ணெய்த் தொட்டி என்று எல்லாவற்றையும் ஒரே வயர்தான் கோத்துக்கொண்டு போகிறது. எங்கே ஒரு கணம் விட்டுப்போனாலும் கன்ட்ரோலருக்குப் பட்டன் அமுக்கிய கணக்குத்தான். எந்த முட்டாள் இழுத்துக் கட்டினானோ என்று திட்டிக்கொண்டே அந்தச் சாக்கடைக்குள் குப்புறப் படுத்து வயரைத் தடவிக்கொண்டு போனேன். டேபிள் இழுக்கிற இடத்தில் ஒரு ஒட்டு தட்டுப்பட்டது. கூலண்டைத் துடைத்தேன்.

பச்சை டேப். பிரிக்க வசதியாக நுனியை மடித்து விட்டிருந்தது.

ஸ்டோரில் கறுப்பு டேப் மட்டும்தான் உண்டு. பச்சை நான் சொந்தமாக வாங்கி வைத்திருப்பது. நுனியை மடிக்கிற ஆள் நான் ஒருவன்தான். மூன்று மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அறுந்த வயரை முறுக்கிச் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை சரியாகப் போடலாம் என்று விட்டது. எத்தனை திங்கட்கிழமை போய்விட்டது! வாயில் கூலண்ட் போன மாதிரி இருந்தது.

புது வயர் போட்டேன். பத்து தடவை ஓட்டினேன். நிற்கவில்லை.

பவுடர் வந்து பல்லைக் காட்டினார். “பாத்தியா? உங்க அக்கா கை படலைன்னதும் மெஷின் எப்படி ஓடுது!”

எலி கடித்திருந்தது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. பச்சை டேப்போடு வெட்டியெடுத்த ஒட்டை அவர் கையிலிருந்த கடிதத்தின் மேல் வைத்தேன். “இதுதான் சார் நிறுத்தினது. நான் போட்டது.”

பவுடர் அதைப் பேனா முனையால் தள்ளிவிட்டார். “அப்போ பேரை மட்டும் மாத்திடலாம்” என்று, அக்காவின் பெயரை அடித்துவிட்டு அதற்கு மேலேயே என் பெயரை எழுதினார். வேறு காகிதம்கூட எடுக்கவில்லை.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். கீழே கிடந்த பச்சை டேப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்க சமையல்கட்டு சுவிட்சுலயும் நீ இதைத்தானே சுத்துன?” என்றாள். “சாயங்காலம் வந்து பிரிச்சிடு. குழந்தைங்க தொடுற இடம்.”