மீனம்மாள் காத்திருந்த நாள்

"உளிய கீழ வைங்கண்ணே" என்றாள் எழிலரசி.

அந்தோணிராஜ் வைக்கவில்லை. இன்னும் ஒரு தட்டு தட்டினால் போதும் என்பதுபோல ஜெனரேட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார். பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். எழிலரசி அவர் கையிலிருந்து உளியை வாங்கித் தன் பின்னால் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு அடி அடிச்சா எஞ்சின் ப்ளாக்கே விரிசல் வுட்டுடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்குள் அவளுடைய அம்மா மீனம்மாள் ஃப்ரீசர் பாக்ஸில் இருந்தாள். காலை ஆறு மணிக்கு உயிர் போனது. எட்டு மணிக்குப் பெட்டி வந்தது. ஒன்பது மணிக்குப் பிள்ளைப்பாக்கம் முழுக்கக் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது, மாற்றுவதற்கு நாளை ஆகிவிடும் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு வந்த ஜெனரேட்டர் முக்கால் மணி நேரம்தான் ஓடியது. எஞ்சினிலிருந்து வெந்நீர் பீய்ச்சியடித்து, புகைந்து, நின்றுபோனது. முகூர்த்த நாள் வேறு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் கேட்டாயிற்று. எல்லா ஜெனரேட்டரும் கல்யாண மண்டபங்களில் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் குனிந்து பார்த்தாள். எஞ்சின் ப்ளாக்கோடு தண்ணீர்க் குழாயைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு போல்ட். அதில் ஒன்று தலை முறிந்து, மிச்சம் துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. உளி பட்டதில் துளையின் வாயோரம் திருகுமரை நசுங்கிக் கிடந்தது.

"நேத்து ஒழுவுதேன்னு பையன் நல்லா டைட் பண்ணான்மா" என்றார் அந்தோணிராஜ்.

"டைட் பண்ணதுலதான் முறிஞ்சிருக்கு."

கண்ணப்பன் வாசலுக்கு வந்தார். மீனம்மாளின் அண்ணன். தோளில் துண்டு, கையில் போன்.

"இன்னா எழிலு, ஓடுமா ஓடாதா?"

"ஓடும் மாமா. டைம் ஆவும்."

"வெயில் இன்னா போடு போடுது பாரு. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடலாம்னு பெரியவங்கல்லாம் சொல்றாங்க. வசந்துக்கு வீடியோ கால் போட்டுக் காட்டிக்கலாம். அவனும் பாத்த மாதிரி இருக்கும்."

வசந்தகுமார் அவளுடைய தம்பி. மஸ்கட்டில் இருக்கிறான். நாளைக் காலை ஏழு மணிக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறான். அவன் ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது.

"போன்ல பாக்கறதுக்கா அவன் டிக்கெட் போட்டு வரான்?" என்றாள் எழிலரசி. "மூணு மணி வரைக்கும் டைம் குடுங்க மாமா. அதுக்குள்ள ஓடலன்னா நீங்க சொல்றத நான் கேக்கறேன். அதுவரைக்கும் ஐஸ் கட்டி வாங்கியாந்து பொட்டிக்குள்ள வெக்கச் சொல்லுங்க."

"நீ பொண்ணு. ஆத்தா பக்கத்துல ஒக்காராம மிஷினாண்ட குந்திகினு இருந்தா ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும் மாமா. ஐஸுக்கு ஆள அனுப்புங்க."

கண்ணப்பன் தன் மருமகனைக் கூப்பிட்டு மீன் மார்க்கெட்டுக்கு வண்டியை எடுக்கச் சொன்னார்.

ஒரகடம் போகும் சாலையில் ஒரு பட்டறையில் எழிலரசிக்குப் பதினான்கு வருட வேலை. கம்பெனிகளிலிருந்தும் லாரி ஷெட்டுகளிலிருந்தும் மரை போன எஞ்சின் ப்ளாக்குகள் அங்கே வரும். உடைந்த போல்ட்டை எடுத்து, போன மரையைத் திரும்ப உண்டாக்கித் தருவார்கள். கணவனை விட்டு வந்த வருடம் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தவள், இன்று யாராலும் எடுக்க முடியாததை எடுக்கிறவள். மீனம்மாள் ஒரு கம்பெனி கேன்டீனில் வெங்காயம் நறுக்கினாள். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "பல்லு புடுங்கற மாதிரி போல்ட்டு புடுங்கறா" என்பாள்.

எழிலரசி பட்டறைக்குப் போன் செய்தாள். அரை மணி நேரத்தில் உச்சிமாகாளி பைக்கில் வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், அவளோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவர். பேட்டரி டிரில், துளைபிட்டுகள், மரை வெட்டும் டேப் செட், எஃகுச் சுருள்கள் இருந்த டப்பா எல்லாம் கொண்டுவந்திருந்தார். முதலில் உள்ளே போய் மீனம்மாளைக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

"நான் செய்யுதேன்க்கா. நீங்க உள்ள போய் இரிங்க."

"இல்ல மாகாளி. நீ டார்ச்ச மட்டும் புடி."

ப்ளாக் ஆறும்வரை தொடக்கூடாது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும் என்று அந்தோணிராஜ் குடத்தைத் தூக்கினார். சூட்டில் ஊற்றினால் வெடித்துவிடும் என்று சொல்லி அவள் அதையும் வாங்கி வைத்தாள். பன்னிரண்டரை மணி வரை காத்திருந்தார்கள். இடையில் அவள் உள்ளே போனாள். ஐஸ் பாளங்களைச் சாக்கில் சுற்றி அம்மாவின் இரண்டு பக்கமும் வைத்தாள். கண்ணாடிக்குள் மீனம்மாளின் முகம் கேன்டீனில் ஷிஃப்ட் முடித்துவந்து தூங்குகிற முகமாகவே இருந்தது. சித்தி கோமதியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எழிலரசிக்கு அழுகை வரவில்லை. சித்தியின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ப்ளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

முறிந்த போல்ட்டின் முகத்தை முதலில் சின்ன அரத்தால் சமன் செய்தாள். நட்டநடுவில் குழி விழ பஞ்ச் வைத்து ஒரே அடி. நடு தப்பினால் எல்லாம் தப்பும். பிறகு மூன்று எம்எம் பிட்டில் துளையிட்டாள். அழுத்தவில்லை, பிட்டே வழி தேடிப் போகட்டும் என்று விட்டாள். அடுத்தது இடப்பக்கம் சுற்றும் பிட். போல்ட் கழலும் திசையிலேயே அது துளையிடும். நான்காவது சுற்றில் பிட் கடித்தது. உள்ளே இருந்த துண்டு மெல்லச் சுழன்று, துருப்பொடியோடு மேலே ஏறி வந்தது.

"வந்துட்டுல்லா!" என்றார் உச்சிமாகாளி.

அந்தோணிராஜ் அந்தத் துண்டை விரலில் எடுத்துப் பார்த்தார். "அவ்ளோதானே? புது போல்ட்டு போட்டுடலாமா?"

"எதுலண்ணே மாட்டும்? உள்ள மரை பாதி போயிடுச்சி."

பழைய மரையை முழுசாக எடுத்துவிட்டுத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். அதில் டேப்பை இறக்கிப் புது மரை வெட்ட வேண்டும். வெட்டிய மரைக்குள் எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை உட்கார வைத்தால், பழைய அளவு போல்ட்டே முன்னைவிட உறுதியாக நிற்கும். டேப்பில் எண்ணெய் விட்டு நேராக நிறுத்தினாள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரும்புத்தூள் உதிர உதிர மறுபடியும் அரைச் சுற்று.

அப்போது தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. கேன்டீன் பெண்கள் பன்னிரண்டு பேர் சீருடையோடு இறங்கி மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். "மீனாக்கா, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே" என்று ஒரு குரல் கூரையைப் பிளந்தது. மற்ற குரல்கள் அதன் மேல் ஏறின. காலையிலிருந்து அப்படி ஒரு அழுகை அந்த வீட்டில் எழுந்திருக்கவில்லை.

எழிலரசியின் கை நின்றது.

"அக்கா, போயிட்டு வாங்க" என்றார் உச்சிமாகாளி தணிந்த குரலில். "நான் பிடிச்சிக்கிடுதேன்."

"டேப்பு பாதில நிக்குது. கை மாத்துனா கோணிக்கும்."

அவள் மூச்சை ஒருமுறை இழுத்து விட்டாள். அரைச் சுற்று முன்னே. கால் சுற்று பின்னே. உள்ளேயிருந்து அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போகவில்லை. டேப் அடியைத் தொட்டு நின்றதும் அதே நிதானத்தில் வெளியே எடுத்தாள். துளையை ஊதித் துடைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் புது மரை வரிவரியாகப் பளபளத்தது. பசை தடவிச் சுருளை இறக்கினாள். புது போல்ட்டைக் கையாலேயே கடைசிவரை திருகி, ஸ்பேனரில் இறுதியாக ஒரு கால் சுற்று மட்டும் திருப்பினாள்.

"அவ்ளோ போதுமாம்மா?" என்றார் அந்தோணிராஜ்.

"போதும்ணே. இதுக்கு மேல தொடாதீங்க. பசை காய ஒரு மணி நேரம் ஆவும்."

சொன்னபடி ஒரு மணி நேரம் பொறுத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கண்ணப்பன் போனில் மணி பார்த்தபடி வாசற்படியில் நின்றார். அந்தோணிராஜ் ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் இருமி, திணறி, பிடித்துக்கொண்டது. குழாயும் ப்ளாக்கும் சேருமிடத்தில் எழிலரசி விரலை வைத்துப் பார்த்தாள். ஈரமில்லை. கால் மணி கழித்து மறுபடியும் வைத்தாள். அப்போதும் இல்லை. உள்ளே பெட்டி உறுமத் தொடங்கியது.

கண்ணப்பன் கொல்லைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"கைய கழுவிக்கோம்மா" என்றார். "வா, ஆத்தாகிட்ட ஒக்காரு."

மறுநாள் காலை எட்டரைக்கு வசந்தகுமார் வந்தான். பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்தான். அவன் அழுது முடியும்வரை யாரும் அவனைத் தொடவில்லை. பிறகு தலை நிமிர்ந்து அக்காவைத் தேடினான்.

"கடைசியா எதுனா சொன்னாங்களாக்கா?"

"உன்னத்தான் கேட்டாங்க. வசந்து வந்துட்டானா, வசந்து வந்துட்டானான்னு மூணு வாட்டி."

"நீ இன்னா சொன்னே?"

"வரான்மான்னு சொன்னேன்."

அவன் அவள் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். அவள் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவன் விட்ட பிறகு எழுந்து போய் எஞ்சினில் டீசல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

பதினொரு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்கள். பறையின் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது. அந்தோணிராஜ் ஜெனரேட்டரை நிறுத்தினார். வீட்டைக் கழுவிவிட ஆளுக்கொரு குடம் எடுத்தார்கள். பெட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து, காலிப் பெட்டியை எளிதாகத் தூக்கிச் சின்ன வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டி கிளம்பியது. பெட்டியின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் ஒரே கோடாகச் சொட்டிக்கொண்டே போனது. எழிலரசி குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள். வண்டி திரும்பி மறைவதற்குள், வாசலுக்கு நேரே இருந்த ஈரம் வெயிலில் காய ஆரம்பித்திருந்தது.