பிரசிடென்டுக்கு ஒரு மாப்பு மனு

நெய்யாற்றின்கரை தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு முந்தின ஒரு பஞ்சாயத்து அது. பேரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் ஊர்க்காரர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அங்கேதான் சுவாமிதாஸ் என்கிற மனுஷர், கட்டின மனைவி தன்னிடம் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று நாற்பத்தொரு நாளாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

சுவாமிதாஸ் வில்லேஜ் ஆபீசில் வேலை பார்த்தவர். நிலத்துக்குப் பேர் மாற்றித் தர, ஆரியசாலைப் பாத்திர வியாபாரி ஒருவரிடம் மிக்சி ஒன்றை லஞ்சமாக வாங்கினார். கேடுகாலம்! அது விஜிலன்ஸ்காரர்கள் பொடி தடவிக் கொடுத்தனுப்பிய மிக்சி. கையைக் கழுவச் சொன்னார்கள். தண்ணீர் ரோஜா நிறமாகிவிட்டது. கேஸ் பன்னிரண்டு வருஷம் இழுத்தது. கடைசியில் வேலையும் போய், பூஜப்புரை ஜெயிலில் ஒரு வருஷம் சப்பாத்தி தின்றுவிட்டுத் திரும்பினார்.

அவர் உள்ளே இருந்தபோதுதான் தேர்தல் வந்தது. மனைவி ராகேல் நின்றாள். புருஷன் ஜெயிலில் இருக்க, குடையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தனியாக வந்து ஓட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஜெயித்தாள். பஞ்சாயத்து பிரசிடென்டும் ஆனாள்.

திரும்பி வந்தவரை அவள் விரட்டவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொன்னாள். "ஏ பூனே, மீன்கறி மேசையில இருக்கு. தேவப்பட்டவங்க எடுத்துத் தின்னட்டும்." பூனைதான் முதலில் போய்ப் பார்த்தது. சொந்த வீட்டில் பூனைக்குக் கீழே ஆகிவிட்டோமே என்று மனுஷருக்கு அழுகை வந்தது.

ஒருநாள் டிவியில் செய்தி. எந்த தேசத்திலோ, தண்டனை பெற்ற அதிகாரிகள் நாலு பேருக்கு அந்த நாட்டு ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்துவிட்டாராம். அங்கே ஒரே ரகளை. மலையாளச் சேனல் அதை 'பிரசிடென்ட் மாப்பு கொடுத்தார்' என்று அலறியது. மாப்பு என்றால் மன்னிப்பு.

சுவாமிதாஸ் துள்ளி எழுந்தார். தண்டனை பெற்ற அதிகாரி, நான். பிரசிடென்ட், என் வீட்டுக்காரி! அவர் ஒன்றும் முட்டாளில்லை. பஞ்சாயத்து பிரசிடென்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று தெரியும். ஆனால் ஆபீசில் இருந்தவருக்கு இன்னொன்றும் தெரியும். பெண்டாட்டி பேசாமல் இருக்கலாம். மனுவுக்குப் பதில் போடாமல் இருக்க முடியாது.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீசில் வரிசையில் நின்று மனுவை நீட்டினார். செக்ரட்டரி சேஷன், பட்டணத்துக் கோட்டைக்குள் இருக்கிற அக்ரஹாரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சார் இது? ஆத்துக் காரியத்தை ஆபீசுக்குக் கொண்டுவந்திருக்கேளே!"

"மேல பிரசிடென்ட் அவர்களுக்குன்னுதானே எழுதியிருக்கு? ரசீது போடும் சாரே."

ரசீது கிடைத்தது. எட்டாம் நாள் பதிவுத் தபால் வந்தது. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவள், தபால் செலவு செய்து அனுப்பியிருக்கிறாள்! 'குற்ற விவரம் சரியில்லை. திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும். ராகேல், பிரசிடென்ட்.' சுவாமிதாஸ் அந்தக் கடிதத்துக்கு முத்தம் கொடுத்தார். தபால்காரர் மறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

திருத்தினார். தேதி, சட்டப் பிரிவு, மிக்சியின் நிறம், அதோடு கிடைத்த ஜார் மூன்று என்று ஒன்று விடாமல் எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. 'குற்றம் இது அல்ல.'

இது அல்லவென்றால் வேறென்ன எழவு? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். இதற்குள் விஷயம் வெளியே கசிந்து, எதிர்க்கட்சி மெம்பர் பகவதிப்பெருமாள் ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டுவிட்டார். 'லஞ்சப் புருஷனுக்கு மாப்பா?' என்று பேனர். மைக்கில் "ராஜி வை, ராஜி வை" என்று கோஷம். மலையாளத்தில் ராஜி என்றால் ராஜினாமா. நம் தமிழில் சமாதானம். எனக்கும் ராஜிதானே வேண்டும் என்று நினைத்தபடி சுவாமிதாஸ் நேரே பந்தலுக்குள் போனார்.

"பெருமாளே, நீரு என்னைத் திட்டுகதுக்குன்னே உட்காந்திருக்கீரு. நான் செய்த குத்தம் என்னன்னு ஒருவாட்டி சொல்லும்."

பகவதிப்பெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வே, வெளையாடுதீரா? பெண்டாட்டி கேட்டான்னுதான் மிக்சி வாங்கினேன்னு கோர்ட்டுல சொன்னது நீருதானே? அதை வச்சுத்தானே எலெக்‌ஷன்ல 'மிக்சி ராகேல், மிக்சி ராகேல்'னு முக்குக்கு முக்கு மைக் கட்டிச் சொன்னேன். சின்னப் புள்ளைங்ககூட அவளைப் பார்த்து 'டுர்ர்'ன்னு சத்தம் போட்டுதுங்க. அவ கேட்டது நெசந்தானே?"

சுவாமிதாஸ் தலையில் அடித்துக்கொண்டார். அடப்பாவி, அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். ராகேல் எதைக் கேட்டாள்? கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழம் பூ கேட்டவள் இல்லை.

மைக்கைப் பிடுங்கினார்.

"நாட்டுக்காரங்களே! ராகேல் எங்கிட்ட மிக்சி கேக்கல்ல! வீட்டுல ஏற்கெனவே ரெண்டு மிக்சி கெடக்கு! பெண்டாட்டிமேல போட்டா ஜட்ஜுக்கு மனசு எளகும்னு வக்கீல் சொன்னாரு, நானும் நாக்கு கூசாம பொய் சொன்னேன். ஆசப்பட்டது நான். ஜெயிலுக்குப் போனது நான். அதைவிடப் பெரிய தண்டனைய வெளிய அனுபவிச்சது அவ!"

"மைக்கக் குடும் வே! எங்க சமரத்தக் கெடுக்காதேயும்!" என்று போராட்டம் கலைந்துவிடுகிற பயத்தில் பகவதிப்பெருமாள் இழுத்தார். ஆனால் அவர் குரலில் பழைய வீராப்பு இல்லை. முன்வரிசையில் இருந்த அவர் மனைவியே அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் கதவு திறந்தது. ராகேல் படியில் வந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. பூனையைத் தேடாமல் நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மனு தள்ளுபடி."

இத்தனை நாளுக்குப் பிறகு அவரிடமே பேசின குரல்! தள்ளுபடி என்பதுகூட அவர் மண்டையில் ஏறவில்லை.

"பிரசிடென்டுக்கு மாப்பு குடுக்க ஒரு அதிகாரமும் கெடையாது. தெருவிளக்கு எரியலேன்னா இங்க வாங்க. மாப்பு வேணும்னா ராகேலுகிட்டப் போய்க் கேளுங்க. அவ அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வருவா."

சுவாமிதாஸ் மூன்று மணிக்கே குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, வீட்டு கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.