ஒரு பாட்டைப் பாகம் பிரித்தபோது

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பக்கத்து அறையில் ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் வேலை பார்க்கிறார். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் எந்த மனுஷிக்கும் கதவைத் தட்டத்தான் தோன்றும். போய்க் கத்தரிக்கோல் இரவல் கேட்டேன். (வீட்டில் இரண்டு இருக்கின்றன.)

2

தொடக்கத்துக்குச் செய்த முயற்சிகள்:

'இசையின் நடுவே சிறைப்பட்டிருந்த அவள் குரல்...' வேண்டாம். இப்படி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

'மாடி வீட்டுத் தம்பதி பிரிந்துவிட்டார்கள்.' இது பழைய செய்தி. தெருவுக்கே சொன்னது நான்தான்.

சரி, நேராகவே சொல்கிறேன். கணவர் கீபோர்டு வாசிப்பார், மனைவி பாடுவாள். அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனபோது கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் பங்காயிற்று. மிஞ்சியது ஒரு பாட்டு. ஒரே அறையில், ஒரே மைக்கில் இருவரும் சேர்ந்து பதிந்தது. இசை அவருக்கு, குரல் அவளுக்கு என்று பேச்சு. அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன புதுக் குழு ஒன்று, வாத்தியம் கலக்காத தனிக் குரலைக் கேட்டிருந்தது.

புதிதாகப் பாடி அனுப்பலாமே என்பீர்கள். நானும் ஒலிப்பதிவுக்காரரிடம் கேட்டேன். அவர் போன பிறகு குரல் அப்படி வரவில்லையாம்.

3

மென்பொருள் பாட்டை விழுங்கிக் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை ஒரு பக்கமும் துப்பும். துப்பியதில்தான் குளறுபடி. அவள் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஓர் ஆண் முனகல். வாசிக்கும்போது அவர் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பாராம். மெஷினுக்கு அதுவும் குரல்தானே? அவளுடைய 'ஸ', 'ஷ' எல்லாம் வாத்தியப் பக்கம் போய்த் தாளத்தோடு ஒட்டிக்கொண்டன.

(உருவகம் மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். செய்தது மெஷின்.)

4

நான் கத்தரிக்கோலோடு மறுபடி போனபோது அவளும் அங்கே இருந்தாள். ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

முனகலை வெட்டச் சொன்னாள். அது சுலபம், இடைவெளிகளில் இருப்பதை அழித்தால் போதும். அழித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முனகல் போனதும், அடுத்த வரி எங்கே தொடங்கும் என்று பாடியவளுக்கே பிடிபடவில்லை. முந்திக்கொண்டு வாயசைத்து ஏமாந்தாள்.

"என் குரல்தான். ஆனா யாரோ பாடுற மாதிரி இருக்குண்ணா. பழையபடி வெச்சிடுங்க."

"அனுப்புறதுக்காம்மா, வெச்சுக்கிறதுக்கா?"

அவள் எழுந்துகொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஒலிப்பதிவுக்காரர் என்னைத்தான் பார்த்தார்.

5

முடிவு அ: முனகலோடு அனுப்புகிறாள், குழு வேண்டாம் என்கிறது, அவள் அழுதுகொண்டே... இல்லை. என்னை மதித்து ஒரு வார்த்தை பேசாததற்கு நான் பழிவாங்குகிற மாதிரி இருக்கிறது.

முடிவு ஆ: சேர்ந்துவிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவளுக்கு வேண்டியது அவரா, அடுத்த வரிக்கு ஓர் அடையாளமா? எழுதுகிற எனக்கே விளங்கவில்லை. ஒலிப்பதிவுக்காரரிடம் கேட்டேன்.

"எனக்கும் புரியலக்கா. கத்தரிக்கோலைக் குடுத்துட்டுப் போங்க."

6

இன்று கீபோர்டுக்காரர் தன் பங்கை வாங்க வந்தார். படியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"குரல் சுத்தமா வந்துடுச்சாக்கா?"

அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே ஓடிவிட்டேன். வாயை அடக்கிவிட்டேன், கையை அடக்க முடியவில்லை, இதோ எழுதியாயிற்று. அவர் கதை படிக்கிறவர் இல்லை. அவரைத் தெரிந்த உங்களில் யாராவது படிப்பீர்கள். முனகலைத் திரும்ப வைக்கச் சொன்னாள் என்று சொன்னால் அவர் மாடியேறி வரலாம், அவள் கதவைத் திறக்காமலும் போகலாம். சொல்லாவிட்டால், அவள் எதை அனுப்பினாள், ஏன் அனுப்பினாள் என்பது அவளோடு போகட்டும்.

சொல்வதும் விடுவதும் உங்கள் பாடு. சொன்னால் மட்டும், அவர் முகம் என்ன ஆயிற்று என்று கொஞ்சம் பார்த்து வையுங்கள். நானாகக் கேட்க மாட்டேன்.