லைல் அடைச்சுக் குடுத்த தோட்டா

ஒரு வருஷமா டெல்லாவுக்கு ஊருக்குள்ள பேரு "கண்ணுமூடி". வச்சவன் வேற யாருமில்ல, கூடப் பொறந்த அண்ணன் லைல்தான்.

நடந்தது இதுதான். போன வருஷம் அக்டோபர் கடைசியில மான் சீசன் தொறந்த முதல் நாள். காலைல எண்பது கஜ தூரத்துல பெரிய கலைமான் ஒண்ணு பக்கவாட்டா நின்னுச்சு. டெல்லா கையில அப்பாவோட லீவர் ரைஃபிள், கிட்டத்தட்ட நூறு வயசு ஆன துப்பாக்கி. இருபத்திரெண்டு வருஷமா அதுலதான் மான் அடிச்சுட்டு வர்றா. நிதானமா மூச்சை விட்டு, நெஞ்சுக்குக் குறி வச்சு, விசையை அழுத்துனா. குண்டு வயித்துல போய் பட்டுச்சு. மான் ஓடிருச்சு.

பனியில ரத்தத்தைப் பாத்துப் பாத்து மூணு மணி நேரம் நடந்தா. பக்கத்துப் பண்ணைக்காரர் வெண்டலோட வேலிகிட்ட தடம் நின்னு போச்சு. மறுநாள் காக்காக் கூட்டம் பறக்கறதைப் பாத்துப் போனப்போ, நரிங்க பாதி தின்னு முடிச்சிருந்துச்சுங்க.

அவங்க வேட்டைக் கேம்ப்ல அப்பா காலத்துலேர்ந்து ஒரு சட்டம் உண்டு. காயம்பட்ட மானைத் தொலைச்சா, அது நீ அடிச்ச மான்தான். ஆளுக்கு ஒரு மானுன்னு சர்க்கார் குடுக்கற சீட்டு, உன் டேக், அதுல தேதியை நீயே கத்தியால வெட்டிரணும். அதோட அந்த வருஷ வேட்டை முடிஞ்சுது, மிச்ச அஞ்சு வாரமும் சமையல்தான். டெல்லா தன் கையாலயே வெட்டுனா. பீன்ஸ் சூடு பண்ணுனா, காப்பி போட்டா. அதெல்லாம் அவளுக்குப் பெருசா தெரியல. மான் கிடந்த கிடைதான் மனசை விட்டுப் போகல.

ஆனா லைல் சும்மா இருக்கல. ஊர்க் காப்பிக் கடையில உக்காந்து, என் தங்கச்சி சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கிட்டு சுடறா, வயசாச்சுல்லன்னு சொல்லிச் சிரிச்சான். டெல்லா ஸ்கூல் பஸ் ஓட்டறவ. பெட்ரோல் போட நின்னா அங்கயும் ஒருத்தன், கண்ணைத் தொறந்து ஓட்டும்மான்னு சொல்வான். அவளும் சிரிச்சு வைப்பா. உள்ளுக்குள்ள, ஒருவேளை நெசமாத்தான் கண்ணை மூடிட்டேனோன்னு சந்தேகம். அம்பத்திமூணு வயசு. கண்ணாடியை வேற மாத்திப் பாத்தா.

மார்ச் மாசம் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல லைல் தீர்ப்பு சொன்னான். குறி பாக்கற ஸ்கோப் வச்ச புதுத் துப்பாக்கி வாங்கு, இல்லாட்டி இந்த வருஷமும் அடுப்பைப் பாத்துக்க. அப்பா துப்பாக்கியைக் குடு, என் சுவத்துல மாட்டிக்கறேன், அது இனிமே அழகுக்குத்தான் ஆகும்.

அன்னைக்கே டெல்லா முடிவு பண்ணிட்டா. அந்தத் துப்பாக்கியை நேரா சுட வைக்கணும், அதுக்குத் தோட்டாவைத் தானே செய்யணும்னு.

அதுவரைக்கும் குடும்பத்துக்கே தோட்டா அடைச்சுக் குடுக்கறது லைல்தான். அப்பாவோட துப்பாக்கிக்கு மட்டும் அவர் இருந்தப்போ வாங்குன கடைத் தோட்டா மிச்சம் இருந்துச்சு. அவர் வாங்கி வச்சிருந்த கடைசி மூணு தோட்டாவைத்தான் போன வருஷம் தட்டுச் சனிக்கிழமைல டெல்லா சுட்டா. சீசனுக்கு முந்தின சனிக்கிழமை, நூறு கஜத்துல காகிதத் தட்டு ஒண்ணு. அதுல ஆளுக்கு மூணு குண்டு விழணும், விழாதவங்க வேட்டைக்கு வரக்கூடாது. அவளோட மூணும் விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் லைல் துப்பாக்கியை ஒரு நாள் வாங்கிட்டுப் போய், தன் கையால அடைச்ச இருபது தோட்டாவைப் பெட்டியோட குடுத்தான். மானைச் சுட்டது அதுல மொத தோட்டா.

தோட்டா அடைக்கற கைப்பிடி மெஷின் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, கார் ஷெட் மேசையில மாட்டுனா. தராசு லைல்கிட்ட இரவல். குண்டும் அவன்தான் குடுத்தான், நூறு குண்டு டப்பா. என் ரைஃபிளுக்கும் இதேதான், நல்ல கனம், பட்ட மான் எழுந்திருக்காதுன்னான். சரின்னு வாங்கிக்கிட்டா.

கோடை முழுக்க அதே வேலை. சுட்ட தோட்டாவோட காலிப் பித்தளைக் கூட்டையெல்லாம் ஒரே நீளத்துக்கு வெட்டுனா. வெடிமருந்தை, தோட்டா அடைக்கற புஸ்தகத்துல போட்டிருக்கற கொறஞ்ச அளவுல ஆரம்பிச்சு, கிரெய்ன்ங்கற பொடி எடையில அரை அரையா ஏத்துனா, அளவுக்கு அஞ்சு தோட்டா. குண்டை உள்ள தள்ளி வச்சுப் பாத்தா, வெளிய இழுத்து வச்சுப் பாத்தா. தோட்டா அடியில தீப்பிடிக்க வைக்கற பொட்டை மாத்துனா. எதைச் செஞ்சாலும் குண்டு ஆளுக்கொரு பக்கம் போய் விழுந்துச்சு. வெண்டலைக் கூப்பிட்டு மணல் மூட்டை மேல வச்சு சுடச் சொன்னா. அவர் சுட்டதும் அதே லட்சணம்.

"நீ கண்ணை மூடுறியோ இல்லியோ, நான் மூடல தாயி," அப்படின்னாரு வெண்டல்.

கோவத்துல வாளியை ஒரு உதை விட்டா. அதே கோவத்துல குறிக்கு வச்ச காகிதத் தட்டைப் பிடுங்கிட்டு வந்து வெளிச்சத்துல வச்சு ஓட்டைகளைப் பாத்தா. அஞ்சுல மூணு ஓட்டை வட்டமா இல்ல, நீட்டமா இருந்துச்சு. குண்டு மூக்கை முன்னால நீட்டிக்கிட்டுப் போகல. படுத்த வாக்குல, உருண்டுக்கிட்டே போய் விழுந்திருக்கு.

சுத்து பத்தாத பம்பரம்தான் அப்படித் தள்ளாடும். குழலுக்குள்ள இருக்கற புரிதான் குண்டைச் சுத்த வைக்குது. குழல் தொடைக்கிற கம்பியில துணியை இறுக்கமாச் சுத்தி, கம்பியில ஒரு கோடு போட்டு, உள்ள தள்ளி அளந்தா. கோடு ஒரு முழுச் சுத்து வர்றதுக்குள்ள கம்பி பதினாலு இஞ்ச் போயிருச்சு. ரொம்ப மெதுவான சுத்து. கனமான குண்டுன்னா நீளமாவும் இருக்கும், அதுக்கு இந்தச் சுத்து எப்படிப் பத்தும்? லைலோட ரைஃபிளுக்கும் இதுக்கும் தோட்டா வேற, குழல் வாய் அகலம் மட்டும் ஒண்ணு. ஆனா அவனோடதுல பத்து இஞ்சுக்கே ஒரு சுத்து. அப்பாவோட காலிப் பெட்டியைத் தேடி எடுத்தா. எண்பத்தேழு கிரெய்ன்னு போட்டிருந்துச்சு. லைல் குடுத்தது நூத்தி இருபது.

எண்பத்தேழு கிரெய்ன் குண்டு வரவழைச்சா. மூணாவது மருந்து அளவுல, அஞ்சு குண்டும் மூணு விரல் அகலத்துக்குள்ள விழுந்துச்சு. டெல்லா துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு அங்கயே உக்காந்துட்டா. நான் கண்ணை மூடல. அது மட்டும்தான் மனசுல ஓடுச்சு.

அப்பக்கூட அவளுக்கு அண்ணன் மேல கோவம் வரல. தெரியாம செஞ்சிருப்பான், யாருக்கும் வர்ற தப்புதானேன்னு நினைச்சுக்கிட்டு, தராசைத் திருப்பிக் குடுத்துட்டு நல்லபடியா சொல்லிரலாம்னு போனா. லைல் வைக்கோல் ஏத்தப் போயிருந்தான். அவன் பொண்டாட்டி ஜோலீன் ஷெட்டைத் தொறந்து விட்டா.

லைலுக்கு ஒரு பழக்கம். எந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா அடைச்சாலும், சுட்டுப் பாத்த தாளைத் தேதி போட்டு ஆணியில குத்தி வைப்பான். தராசை வைக்கறப்போ டெல்லா கண்ணுல அது பட்டுச்சு. போன வருஷம் அக்டோபர் தேதி, ரெண்டு நீட்ட ஓட்டை. கீழ அவன் கையெழுத்து. "டெல்லா ரைஃபிள். படுத்துக்கிட்டுப் போகுது. கிட்டத்துல சுடறவதானே, மானுக்கு இது போதும்."

தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சா. ஜோலீன் காப்பி குடிச்சுட்டுப் போன்னு சொன்னது காதுலயே விழல.

ஏழு வாரம் அதைப் பையிலேயே வச்சிருந்தா. யார்கிட்டயும் சொல்லல.

தட்டுச் சனிக்கிழமை வந்துச்சு. கேம்ப் வாசல்ல வெண்டல், ரெண்டு சித்தப்பா பசங்க, லைல். ஸ்கோப் எங்க கண்ணுமூடின்னு லைல் சிரிச்சான். டெல்லா படுத்து மூணு சுட்டா. வெண்டல் தட்டை எடுத்துட்டு வந்தாரு. மூணு ஓட்டையையும் ஒரு சீட்டுக்கட்டு அட்டையால மூடிரலாம்.

"பாத்தியா, நான் திட்டித் திட்டித்தான் உனக்குக் கண்ணு தொறந்திருக்கு," அப்படின்னான் லைல்.

டெல்லா பையிலேர்ந்து தாளை எடுத்து வெண்டல் கையில குடுத்தா. சத்தமாப் படிங்கன்னா. அவரும் படிச்சாரு. யாரும் சிரிக்கல.

லைல் மூஞ்சி சிவந்து போச்சு. ஒரு டப்பா குண்டு வாங்குனா ரெண்டு துப்பாக்கிக்கும் ஆகும்னு நினைச்சேன், எண்பது கஜம்தானே, இவ்வளவு மோசமாப் போகும்னு கண்டேனான்னு என்னென்னவோ சொன்னான்.

"தப்பா அடைச்சதை விட்டுர்றேன்," டெல்லா குரல் ஏறல. "ஒரு வருஷமா கடை கடையா என்னைக் கண்ணுமூடின்னு கூப்ட்டியே. அந்த வாயால ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கலாம்ல? நான் கண்ணாடி மாத்துனேன்டா. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

லைல் வண்டிப் பக்கமா நகந்தான். டெல்லா குறுக்க வந்து நின்னா.

"அந்த மான் என் மான் இல்ல. உன்னோடது. டேக்கை எடு."

இன்னும் சீசனே தொறக்கலைன்னு முனகுனான். வெண்டல் தன் பேனாக்கத்தியை விரிச்சு, கைப்பிடியை அவன் பக்கமாத் திருப்பி நீட்டுனாரு. லைல் பர்ஸுலேர்ந்து டேக்கை உருவி, வண்டி பானட் மேல வச்சு, தேதியை வெட்டுனான். வெட்டுனதுல பாதி கிழிஞ்சு போச்சு. அதை அவ முன்னால போட்டான்.

"போதுமா?"

"போதாது," அப்படின்னா டெல்லா. "நாளைக்குக் காப்பிக் கடைல போய் இதையும் சொல்லு. சிரிச்சுக்கிட்டே சொல்லு, அன்னைக்குச் சொன்னியே, அதே மாதிரி."

துப்பாக்கியைத் தொடைச்சு உறையில போட்டா. உள்ள போறதுக்கு முன்னால திரும்பிப் பாக்காமலே சொன்னா, "பீன்ஸ் டின் மேல் அலமாரில இருக்கு. அடிப்பிடிக்காம கிண்டு."