சப்பாத்துக்குப் பழகிய கால்

என் தங்கச்சி தனுஷிகா கிட்டத்தட்ட ஆறடி. எங்கள் லயத்து வரிசை வீட்டின் குட்டை வாசலில் தலை இடிக்காமல் அவள் வீட்டுக்குள் வந்த நாளே குறைவு. "தென்னமரம்" என்று கேலி செய்த எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களே, நுவரெலியாவில் ஒரு கல்லூரி கூடைப்பந்துக்காக ஹொஸ்டலும் கொடுத்து அவளைக் கூப்பிட்டபோது "எங்க புள்ள" என்று சொல்லித் திரிந்தார்கள். இந்த வருஷம் பதினெட்டு வயதுக்குட்பட்ட இலங்கை அணிக்கு அவளைத் தெரிவு செய்தார்கள். மாலைதீவில் போட்டி. எங்கள் குடும்பத்தில் கொழும்பைத் தாண்டியவர்கள் யாருமில்லை.

அதற்கு முன்பே அம்மா மாரியம்மனிடம் பேசி முடித்திருந்தாள். பிள்ளை தெரிவானால் இந்தத் திருவிழாவிலேயே பூக்குழி இறங்குவாள் என்று நேர்த்தி. வேண்டியது ஒருத்தி, நெருப்பில் இறங்குவது இன்னொருத்தி. நல்ல நியாயம்!

பயிற்சி கொடுக்கும் கிருஷாந்தி மிஸ் போனில் கெஞ்சினார். "திருவிழா முடிஞ்ச கையோட டீம் கெளம்புதும்மா. போயிட்டு வந்து அடுத்த வருஷம் எறங்கட்டுமே."

"நேர்த்திய பாக்கி வச்சுட்டு கடல் தாண்டக் கூடாதுங்க மிஸ். நானும் எத்தனையோ தடவ எறங்கியிருக்கேன். ஒன்னுமே செய்யாதுங்க" என்றாள் அம்மா.

அவள் பொய் சொல்லவில்லை. இருபது வருஷமாகச் செருப்பில்லாமல் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிற கால் அது. அம்மா பாதத்தில் முள் குத்தினால் முள்தான் உடையும். தனுஷிகாவின் கால் நாலு வருஷமாகச் சொக்ஸுக்கும் சப்பாத்துக்கும் உள்ளே இருந்த கால். தன் காலை வைத்து மகள் காலையும் கணக்குப் போட்டாள் அம்மா. அந்த வித்தியாசம் எங்கள் யார் மண்டைக்கும் எட்டவில்லை.

"நீயாவது மாட்டேன்னு சொல்லேன்டி" என்று தங்கச்சியிடம் சண்டை பிடித்தேன்.

"அங்க போய்த் தோத்துட்டு வந்தா, எறங்காததாலதான்னு அம்மா சாகுற வரைக்கும் பொலம்புவாங்கக்கா. நாலு எட்டுதானே, விடு" என்றாள்.

கல்லூரி விடுமுறை. காப்புக் கட்டியதிலிருந்து அவள் தோட்டத்தை விட்டு அசையவில்லை. அம்மாவோடு விரதம், ஒரு வேளைச் சோறு, என் பக்கத்தில் பாய். காலையில் மட்டும், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

திருவிழா அன்று தப்பு முழங்க, மஞ்சள் சேலையில் அவள் வந்து நின்றாள். உயரத்துக்குச் சேலை பத்தாமல் கணுக்கால் தெரிந்தது. மற்றவர்கள் ஓடிக் கடந்தார்கள். இவள் ஓடவில்லை, நிதானமாக நடந்தாள். அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் காலை வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு பாதத்திலும் தோல் கழன்றிருந்தது. ஒரு மாதத்துக்குக் கால் ஊன்றக் கூடாது என்றார் டொக்டர். அவள் இடத்துக்கு வேறொரு பிள்ளையைப் போட்டுக்கொண்டு அணி புறப்பட்டது. செய்தி சொன்ன மிஸ் போனில் அழுதார். தனுஷிகா "சரிங்க மிஸ்" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு மூலையில் கிடந்தாள். "நான்தான் எம்புள்ளய எரிச்சிட்டேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அப்பா பிசைந்து கொடுத்த சோற்றையும் தள்ளிவிட்டாள். பார்க்க வந்தவர்கள் சும்மா போனார்களா? "சுத்தமா இருந்தா ஆத்தா சுடுவாளா? விரதத்துல ஏதோ கொறை" என்றார்கள். அந்த வாயெல்லாம் கிழிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

முதல் போட்டி நடந்த அன்று தனுஷிகா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒங்க நேர்த்தில ஒன்னும் தப்பில்ல. நான்தான் விரதத்த முறிச்சிட்டேன். டவுனுக்குப் போயி முட்ட ரொட்டி தின்னேன். வெளாட தெம்பில்லன்னு."

எந்த டவுன்? எப்போது? நான் வாயைத் திறந்தேன். போர்வைக்கு அடியில் அவள் என் கையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள்.

அம்மா அவளையே பார்த்தாள். அம்மாவின் நெஞ்சிலிருந்து பெரிய மூச்சொன்று வெளியே வந்தது. அடுத்த நொடி பளார் என்று கன்னத்தில் ஓர் அறை.

"அடிப் பாவி! ஆத்தாகிட்டயா வெளாடுற? நான் பெத்ததுக்கு இதான் கூலியாடி?"

லயம் முழுக்கக் கேட்கும்படி ஏசினாள். ஏசிக்கொண்டே குசினிக்குப் போனாள். அடுப்பு மூட்டிச் சோறாக்கி, தட்டில் போட்டு, ஏச்சுக்கு நடுவே வாய் வாயாக அள்ளிச் சாப்பிட்டாள்.

தனுஷிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சாப்புடுறாங்களாக்கா?"

"சாப்புடுறாங்க" என்றேன்.

கால் வெந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.